கடலுக்கு முதுகு காட்டிய ஊர்கள்

கிரேக்கத்தின் கியோஸ் தீவில் ஒரு கறுப்புக் கடற்கரை. அதற்குப் பின்னால், மரம் வடிக்கும் கண்ணீரை நம்பி வாழும் கிராமங்கள்.

மாவ்ரா வோலியாவில் மணல் கிடையாது. கால் வைத்தால் புதையாது, உருளும். புறா முட்டை அளவிலிருந்து உள்ளங்கை நிறையும் அளவு வரை, எண்ணெய் தடவிய குழவிக்கல் போல வழவழப்பான கறுப்புக் கூழாங்கற்கள் கரை முழுக்கக் கிடக்கின்றன. அலை ஏறி வரும்போது பெரிய சத்தம் இல்லை. திரும்பிப் போகும்போதுதான் கரை வாய் திறக்கிறது. வடியும் தண்ணீரோடு ஆயிரமாயிரம் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, முறத்தில் கொள்ளுப் புடைப்பதுபோல் ஒரு கலகலப்பு. அது அடங்குவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது.

ஜூலை வெயிலில் பதினொரு மணிக்கு மேல் இந்தக் கற்களில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கரையை ஒட்டிக் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தாலும், அடியில் கிடக்கும் கல்லின் நிறத்தால் கருநீலமாகத் தெரிகிறது. பின்னால் செங்குத்தான பாறை. விடுதிகளின் வரிசை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சான்டோரினியிலும் மிக்கோனோஸிலும் துண்டு விரிக்க இடம் தேடும் அதே மாதத்தில், இங்கே வந்தவர்கள் ஆளுக்கொரு பாறை நிழலைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

சரி, இந்த ஊர்க்காரர்கள் எங்கே?

அவர்கள் கடற்கரையில் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, ஆள் உயரத்தைக் கொஞ்சமே தாண்டும் மரங்களுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் கூரிய சிறு இரும்புக் கருவி. மரப்பட்டையில் ஒரு சின்னக் கீறல், அடுத்த கிளையில் இன்னொன்று. கீறிய இடத்தில் பனித்துளி போல ஏதோ துளிர்க்கிறது. அந்தத் துளியின் பெயர் மாஸ்திகா. அதற்காகத்தான் இங்கே ஊர்கள் கட்டப்பட்டன, சுவர்கள் எழும்பின, காதுகள் அறுக்கப்பட்டன. 1822இல் இந்த ஊர்கள் உயிர் பிழைத்ததற்கும் அதுவே பெரிய காரணம்.

துறைமுகம் இருந்த இடம்

கியோஸ், ஏஜியன் கடலின் கிழக்கு விளிம்பில், துருக்கிக் கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பரப்பு 842 சதுர கிலோமீட்டர். கிரேக்கத் தீவுகளில் ஐந்தாவது பெரியது. மக்கள் தொகை ஏறத்தாழ 50,000. தலைநகரான கியோஸ் நகரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் போனால் எம்போரியோ என்ற சின்னத் துறை வருகிறது. நாலைந்து படகுகள், தண்ணீரை ஒட்டி மேஜை போட்ட சில உணவகங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் மாவ்ரா வோலியா. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்குக் 'கறுப்புக் கூழாங்கற்கள்' என்றே பொருள். பாறையை ஒட்டிய பாதையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஃபோகி என்ற அடுத்த வளைகுடா, அதே கறுப்புக் கற்களோடு.

கற்களைத் தந்தது ப்சாரோனாஸ் என்ற பழைய எரிமலை. வரலாற்றுக்கு முந்தைய ஏதோ ஒரு காலத்தில் அது கக்கியதைக் கடல் உடைத்து, உருட்டி, தேய்த்து, இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது. தீவின் வீட்டு முற்றங்களிலும் தேவாலய வளாகங்களிலும் கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களைப் பதித்துக் கோலம் போன்ற தரை அமைப்பது கியோஸின் பழைய கைவேலை. இன்று மாவ்ரா வோலியாவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்பது சட்டம்.

இவ்வளவு அமைதியான இந்த மூலை ஒரு காலத்தில் சந்தடி மிகுந்த இடமாக இருந்திருக்கிறது. எம்போரியோ என்ற பெயரே அதைச் சொல்லிவிடும். 'எம்போரியோன்' என்றால் கிரேக்கத்தில் வணிகத் துறை. தமிழகக் கரையின் பொதுகே முதலிய துறைகளைக் குறிக்க 'பெரிப்ளூஸ்' நூலில் கிரேக்க மாலுமி பயன்படுத்திய சொல்லும் இதுதான்.

1952 முதல் 1955 வரை ஏதென்ஸில் உள்ள பிரிட்டிஷ் ஆய்வுப் பள்ளி இங்கே அகழ்வு நடத்தியது. துறைமுகத்தை ஒட்டிய மேட்டில் சின்க்ளேர் ஹூட் தோண்டினார். உலோகக் காலத்துக்கும் முந்தைய குடியிருப்பின் தடயங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. எதிரே உள்ள புனித எலியாஸ் குன்றில் ஜான் போர்ட்மேன், கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு முழு ஊரையே வெளிக்கொணர்ந்தார். வீடுகள், மதிலுக்குள் ஒரு பெரிய மண்டப வீடு, அதீனா தெய்வத்துக்கு ஒரு கோயில். அகழ்வுக் குழுவில் கட்டடங்களை அளந்து வரைபடம் போட வந்தவர் தொழில்முறைக் கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ். 'லீனியர் பி' என்ற பண்டைய கிரேக்க எழுத்தைப் படித்துக் காட்டி உலகை வியக்க வைத்த அதே வென்ட்ரிஸ்தான்.

துறைமுகத்தில் பிற்காலத்தில் ஒரு கோட்டையும், ஞானஸ்நானத் தொட்டியோடு கூடிய தேவாலயமும் எழுந்தன. கி.பி. 7ஆம் நூற்றாண்டில், ஏஜியன் கடலெங்கும் அரபுக் கப்பற்படைகள் பாய்ந்த காலத்தில், அந்தக் கோட்டை அழிந்தது. கடலோரத்தில் குடியிருந்தால் என்ன ஆகும் என்று தீவுக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பின்னால் வந்த நூற்றாண்டுகளில் கொள்ளையர் கப்பல்கள் அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தின.

ஊரே கோட்டை

எம்போரியோவிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே பிர்கி. அங்கிருந்து மேற்கே போனால் ஒலிம்பி, அதற்கும் அப்பால் மெஸ்டா. கடலில் போகும் கப்பலிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளங்களில் இந்த ஊர்கள் பதுங்கியிருக்கின்றன.

மெஸ்டாவுக்குள் கார் போகாது. வெளியே நிறுத்திவிட்டு வளைவு ஒன்றின் கீழ் நுழைந்தால் சட்டென்று வெளிச்சம் குறைகிறது. கருங்கல் சந்துகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். தலைக்கு மேல் வீடுகள் கமானாக வளைந்து எதிர்வீட்டில் முட்டுகின்றன. ஒரு சந்து எங்கோ போவதுபோல் போய், சுவரில் முடிகிறது. இது கொத்தனார் செய்த தவறு இல்லை. உள்ளே வந்துவிட்ட கொள்ளையன் வழி தெரியாமல் திணற வேண்டும் என்றே போட்ட கணக்கு.

ஊரைச் சுற்றித் தனியாக மதில் கிடையாது. கடைசி வரிசை வீடுகள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கின்றன. அவற்றின் பின்சுவர்தான் மதில். அந்தச் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. மூலைகளில் காவல் மேடைகள், நடுவில் கடைசிப் புகலிடமாக ஓர் உயர்ந்த கோபுரம். ஆபத்து வந்தால் மக்கள் தெருவில் ஓட மாட்டார்கள். ஒரே உயரத்தில் கட்டிய மொட்டை மாடிகள் வழியாக, வீட்டுக்கு வீடு தாவிக் கோபுரத்தை அடைவார்கள். மெஸ்டாவில் அந்தக் கோபுரம் இப்போது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தில் பெரிய தக்ஸியார்கிஸ் தேவாலயம் எழுந்தது. அதன் முன்னால் உள்ள சதுக்கத்தில்தான் மாலை நேரத்தில் காபிக் கடை நாற்காலிகள் நிறைகின்றன.

வீட்டின் கீழ்த்தளம் கழுதைக்கும் தானியத்துக்கும் எண்ணெய்க்கும், மேல்தளம் மனிதர்களுக்கு. ஜன்னல் எல்லாம் ஊருக்குள்ளே பார்க்கும். கடல் சில கிலோமீட்டரில் இருந்தும், வீட்டில் உட்கார்ந்தபடி கடலைப் பார்த்த மெஸ்டாக்காரர் யாரும் இருந்திருக்க முடியாது.

இதில் ஒரு முரண் உண்டு. கிரேக்கத்தின் பெரிய கப்பல் முதலாளிகளில் பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் கியோஸும் அதன் பக்கத்துச் சிறுதீவு ஒய்னூசஸும்தான். தலைநகரில் மாலுமி இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டும். அதே தீவின் தெற்குப் பாதியோ கடலுக்கு முதுகைக் காட்டி மரத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டது.

முள்கரண்டியால் வரைந்த ஊர்

மெஸ்டா இருட்டென்றால் பிர்கி வெளிச்சம். இந்த ஊரில் சுவர் என்று ஒன்று இருந்தால் அதில் கோலம் இருக்கும். முக்கோணம், சாய்சதுரம், அரைவட்டம், சக்கரம் என்று வரிவரியாக, கறுப்பிலும் வெள்ளையிலும், தரையிலிருந்து மாடி விளிம்பு வரை. உள்ளூரில் இதற்கு 'க்ஸிஸ்தா' என்று பெயர். 'சுரண்டியது' என்று அர்த்தம்.

வேலை முறை எளிது, கைப்பக்குவம்தான் அரிது. முதலில் கருமணல் கலந்த சாந்தைச் சுவரில் பூசுகிறார்கள். அது காய்வதற்குள் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. கவராயத்தாலும் அளவுகோலாலும் கோடு போட்டுக்கொண்டு, ஒரு சாதாரண முள்கரண்டியால் தேவையான இடத்தில் வெள்ளையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அடியில் இருக்கும் கருமை மேலே வருகிறது. சாரத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது சாந்து ஈரமாக இருக்கும் சில மணி நேரம் மட்டுமே. கைதவறினால் பூசியதை வழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கோடை முடியும்போது இந்தச் சாம்பல் வண்ணச் சுவர்களின் மேல் சிவப்புச் சரங்கள் தொங்கத் தொடங்கும். குளிர்காலத்துக்காக நூலில் கோத்துப் பால்கனிகளில் கட்டிவிட்ட சிறுதக்காளிகள் அவை. படம் எடுக்க வரும் பயணிகள் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்காரிக்கு அது சமையலறைச் சேமிப்பு.

சதுக்கத்தின் ஓரத்தில், ஒரு வளைவுச் சந்துக்குள் ஒளிந்திருக்கிறது 'புனித அப்போஸ்தலர்கள்' என்ற சிறிய பைசாந்தியத் தேவாலயம். உட்சுவர்களை மூடியிருக்கும் ஓவியங்களை 1665இல் தீட்டியவர் கிரீட் தீவைச் சேர்ந்த ஓவியர். இன்னும் சில அடி நடந்தால் கொலம்பஸின் பெயரைச் சொல்லி ஒரு வீட்டைக் காட்டுவார்கள். அமெரிக்காவுக்குப் போன கிறிஸ்டோபர் கொலம்பஸ் இந்த ஊர்க்காரர் என்பது பிர்கியில் சிலரது நம்பிக்கை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் 1470களில் ஜெனோவாக் கப்பலில் அவர் கியோஸுக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். 1493இல் தன் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், புதிய நாட்டில் கிடைக்கப்போகும் செல்வங்களின் பட்டியலில் தங்கத்தோடும் பருத்தியோடும் மாஸ்திகாவையும் சேர்த்தார். இதுவரை கியோஸில் மட்டுமே கிடைத்து வந்த சரக்கு என்ற குறிப்போடு! கரீபியன் தீவில் அவர் பார்த்தது வேறு ஏதோ பிசின் மரம். அந்தத் தவறிலிருந்து ஒன்று மட்டும் தெரிகிறது: அந்தக் கால ஐரோப்பிய வணிகன் கனவிலும் மறக்காத பொருள் இது.

மரம் அழும் மாதங்கள்

மாஸ்திகா மரம் பிஸ்தா மரத்தின் பங்காளி. ஒரே பேரினம். பார்ப்பதற்குப் புதர் போலத்தான் இருக்கும்: இரண்டு, மூன்று மீட்டர் உயரம், முறுக்கிய தண்டு, கருஞ்சாம்பல் பட்டை, என்றும் வாடாத சிறு இலைகள். விதையிலிருந்து வளர்ப்பதில்லை, நன்றாகப் பிசின் தரும் மரத்திலிருந்து கிளையை வெட்டி நடுகிறார்கள். நட்டவர் ஐந்தாறு ஆண்டு காத்திருந்தால்தான் முதல் துளியைப் பார்ப்பார். நல்ல விளைச்சலுக்கு அதற்கு மேலும் பல ஆண்டு. நூறு வயது தாண்டிய மரங்களும் இருக்கின்றன. இவ்வளவு காத்திருந்தும் ஒரு மரம் ஓர் ஆண்டில் தருவது சில நூறு கிராமுக்குள்தான்.

வேலை ஜூனில் தொடங்குகிறது. மரத்தடியைச் செதுக்கி, கூட்டி, களம் போலச் சமப்படுத்துகிறார்கள். அதன்மேல் சலித்த வெள்ளை மண்ணைத் தூவி மெழுகுகிறார்கள். சுண்ணாம்புச் சத்துள்ள அந்தப் பொடி இரண்டு வேலை செய்யும்: விழும் துளியில் அழுக்கு ஒட்டாமல் காக்கும், அது காயவும் உதவும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் வெள்ளைத் தட்டில் நிற்பதுபோல் இருக்கும்.

ஜூலை நடுவில் 'கெந்தோஸ்', அதாவது கீறல். பட்டையில் ஒரு சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் ஆழம். ஆழம் கூடினால் மரம் கெடும், குறைந்தால் பிசின் வராது. அடித்தண்டில் தொடங்கி மேலே மேலே, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஐந்தாறு வாரம் கீறிக்கொண்டே போவார்கள். இளமரத்துக்குக் குறைவான காயம், முதிர்ந்ததற்குக் கூடுதல். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

வழிந்த பிசின் முதலில் தேன் போல இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் இறுகி, கற்கண்டுத் துண்டு போலப் பளபளக்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து அதைப் பொறுக்கத் தொடங்குவார்கள். இடையில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் வெள்ளை மண் கரைந்து, பிசின் மண்ணோடு கலந்து, ஆண்டின் உழைப்பே பாழ். மற்ற விவசாயி மழைக்கு வானத்தைப் பார்ப்பான். மாஸ்திகா விவசாயி மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்க்கிறான்.

துளிக்கு ஊரில் சொல்லும் பெயர் 'கண்ணீர்'. அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். கி.பி. 250 வாக்கில், ரோமப் பேரரசர் டெசியஸின் காலத்தில், இசிடோர் என்ற படைவீரர் கிறிஸ்துவத்தைக் கைவிட மறுத்ததற்காகக் கியோஸில் கொல்லப்பட்டார். அவர் உடலை இழுத்துச் சென்ற வழியில் இருந்த மரங்கள் அழுதன என்கிறது மரபு. ஆனால் இசிடோருக்கு இரு நூற்றாண்டு முன்பே திஸ்கோரிதேஸ் என்ற கிரேக்க மருத்துவர், மாஸ்திகாவில் சிறந்தது கியோஸில் விளைவது என்று எழுதி வைத்துவிட்டார்.

ஏன் இந்தத் தீவின் தெற்கில் மட்டும்? இதே இன மரம் மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கும் காடாக வளர்கிறது. எதிர்க்கரையில் துருக்கியின் செஷ்மேயிலும் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் வணிக அளவில் மாஸ்திகா என்றால் தெற்குக் கியோஸ்தான். மழையில்லாத நீண்ட கோடை, சுண்ணாம்பு மண் என்று சிலர் விளக்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நல்ல மரத்தின் கிளையையே தேர்ந்து நட்டு வந்த கைகள்தான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர்.

காதுக்கு விலை

இப்படி ஒரே இடத்தில் மட்டும் விளையும் பொருள் இருந்தால், அதைப் பூட்டி வைக்க ஒருவன் வருவான். 1346இல் ஜெனோவாக்காரர்கள் வந்தார்கள். தீவை ஆண்டது ஜெனோவா அரசு என்று சொல்வதைவிட, 'மாவோனா' என்ற பங்குதாரர் கூட்டமைப்பு என்பதே சரி. ஜூஸ்தினியானி என்ற பொதுப் பெயரைச் சூட்டிக்கொண்ட வணிகக் குடும்பங்கள் அதை நடத்தின. கிழக்கிந்தியக் கம்பெனி பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே, ஒரு கம்பெனி ஒரு தீவை ஆண்டது!

கோட்டை ஊர்களுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்கள் இவர்களே. சுவர் எழுந்தது கொள்ளையரை வெளியே நிறுத்த மட்டுமில்லை. மாஸ்திகா வெளியே போகாமல் தடுக்கவும்தான். இரவில் ஊர் வாசலை மூடிவிடுவார்கள். திருடியவனுக்கும் திருட்டுச் சரக்கை வாங்கியவனுக்கும் எடைக்கேற்ற தண்டனை இருந்தது: சூடு, காது, மூக்கு, கை, அளவு மீறினால் தூக்கு. தன் மரத்தில் தான் கீறிய பிசினைத் தானே எடுத்து விற்கும் உரிமை விவசாயிக்கு இல்லை. 220 ஆண்டு அப்படியே போயிற்று.

1566இல் ஒட்டோமான் தளபதி பியாலி பாஷாவின் கப்பல்கள் வந்தன. எஜமானர் மாறினார், மாஸ்திகாவின் மதிப்பு மாறவில்லை. இஸ்தான்புல் அந்தப்புரத்தில் பெண்கள் மெல்லுவதற்கும், அரண்மனைச் சமையலறைக்கும் இது போய்ச் சேர வேண்டும். அதனால் மாஸ்திகா ஊர்களைத் தீவின் மற்ற பகுதியிலிருந்து பிரித்துத் தனி நிர்வாகத்தில் வைத்தார்கள். வரியைப் பிசினாகக் கட்டினால் போதும். வேறு எங்கும் கிடைக்காத சில சலுகைகளும் கிடைத்தன.

அந்தச் சலுகையின் முழு மதிப்பு 1822இல் தெரிந்தது. கிரேக்க விடுதலைப் போர் தொடங்கிய மறு ஆண்டு. சாமோஸ் தீவிலிருந்து வந்திறங்கிய கிளர்ச்சிக்காரர்களைத் தொடர்ந்து ஒட்டோமான் படை கியோஸுக்குள் புகுந்தது. பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் அடிமைச் சந்தைகளுக்குப் போனார்கள். இரண்டே ஆண்டில் பாரிஸில் தெலாக்ருவா அந்தப் படுகொலையைப் பேரோவியமாக்கிக் காட்சிக்கு வைத்தார். இன்று அது லூவ்ர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ஆனால் தெற்கின் மாஸ்திகா ஊர்கள் பெருமளவுக்குத் தப்பின. மரத்தை வைத்துக்கொண்டு, கீறத் தெரிந்த கையை வெட்டினால் அடுத்த ஆண்டு அரண்மனைக்கு மாஸ்திகா வராது. இரக்கத்தால் நடந்ததில்லை, கணக்கால் நடந்தது.

அந்த ஆட்சியை மெஸ்டா இன்னொரு விதமாகவும் நினைவில் வைத்திருக்கிறது. தவக்காலம் தொடங்கும் 'தூய திங்கள்' அன்று ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பொய் 'ஆகா' வந்து உட்காருவார். தலைப்பாகையும் மீசையுமாக ஒட்டோமான் அதிகாரி வேடம். கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக இழுத்து வரச் சொல்லி, அபத்தமான குற்றம் சாட்டி, அபராதம் விதிப்பார். சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியூர்க்காரருக்கும் விலக்கு இல்லை.

கூட்டுறவும் தீயும்

1912இல் கியோஸ் கிரேக்கத்தோடு இணைந்தது. மாஸ்திகா இப்போது விவசாயியின் சொத்து. ஆனால் உதிரி உதிரியாக விற்றவர்களை இடைத்தரகர்கள் பிழிந்தார்கள். 1938இல் கியோஸ் மாஸ்திகா விவசாயிகள் சங்கம் பிறந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் விளைச்சல் ஊர்க் கூட்டுறவுகள் வழியாக இந்த ஒரே சங்கத்துக்கு வருகிறது. தரம் பிரிப்பது, விலை பேசுவது, ஏற்றுமதி எல்லாம் அதன் கையில். மாவோனா செய்ததும் ஏகபோகம்தான்; ஆனால் இங்கே பங்குதாரர்கள் மரத்தடியில் குனிகிறவர்கள்.

1997இல் ஐரோப்பிய ஒன்றியம் கியோஸ் மாஸ்திகாவுக்குப் பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர் என்ற தகுதியைக் கொடுத்தது. 2014இல் இந்தச் சாகுபடி நுட்பத்தை யுனெஸ்கோ மானுடத்தின் புலனாகாப் பாரம்பரியங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2015இல் ஐரோப்பிய மருந்து முகமை, லேசான அஜீரணத்துக்கும் சிறு தோல் அழற்சிக்கும் மரபு மருந்தாக இதை ஏற்றது. 2016இல் பிர்கிக்கு அருகே ஒரு குன்றின் மேல் மாஸ்திகா அருங்காட்சியகம் திறந்தது. அதன் சரிவிலேயே மரங்கள் நிற்கின்றன.

இந்தப் பெருமைகளுக்கு நடுவில் ஓர் அடியும் விழுந்தது. 2012 ஆகஸ்டில், சரியாகப் பொறுக்கும் பருவத்தில், காட்டுத்தீ தெற்கு நோக்கி இறங்கியது. ஆயிரக்கணக்கான மாஸ்திகா மரங்கள் எரிந்தன. பிசின் நிறைந்த மரம்; பற்றினால் நிற்காது. கோதுமை எரிந்தால் அடுத்த ஆண்டு விதைக்கலாம். இங்கே கிளை நட்டு, ஐந்தாறு ஆண்டு களையெடுத்து, பிறகுதான் முதல் கீறல்.

ஸ்பூனில் ஒரு நீர்மூழ்கி

பொறுக்கிய துளி எங்கே போகிறது? கடினமான அந்த மணியை வாயில் போட்டால் முதலில் கசக்கும். பல்லில் பொடியும். ஒரு நிமிடம் மென்றால் வெண்ணிறச் சவ்வாகத் திரளும். கசப்பு விலகி, பைன் மரத்தையும் பெருஞ்சீரகத்தையும் நினைவூட்டும் ஒரு குளிர்ச்சி தங்கும். உலகின் பழைய சூயிங்கம்களில் இதுவும் ஒன்று. மெல்லுவதைக் குறிக்கும் 'மாஸ்டிகேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் மாஸ்திகாவுக்கும் வேர் ஒன்றே.

கிரேக்கக் காபிக் கடைகளில் குழந்தைகளுக்குப் பிடித்த 'நீர்மூழ்கி' என்ற பண்டம் உண்டு. மாஸ்திகா மணக்கும் வெள்ளைச் சர்க்கரைப் பாகை ஒரு ஸ்பூனில் வாரி, குளிர்ந்த தண்ணீர் டம்ளருக்குள் முழுகவிட்டுக் கொடுப்பார்கள். பாகை நக்கிவிட்டு, இனிப்பேறிய தண்ணீரைக் குடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு மாஸ்திகா மதுவும், இந்த ஊர்களிலேயே அத்திப்பழத்திலிருந்து வடிக்கும் 'சூமா'வும். துருக்கியின் ஐஸ்கிரீம் இழுத்தால் நீள்வதற்கு ஒரு காரணம் மாஸ்திகா. டமாஸ்கஸில் 19ஆம் நூற்றாண்டு முதல் இருக்கும் பக்தாஷ் கடையில் மர உலக்கையால் இடித்துத் திரட்டும் ஐஸ்கிரீமிலும் அது இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை. நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' என்று கேட்டால், சாம்பிராணிக்கும் குங்கிலியத்துக்கும் பக்கத்திலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்து, வெளிர்மஞ்சள் மணிகளைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். அரபு மருத்துவமான யுனானியோடு வந்த பெயர் அது. கிழக்கு ரோமப் பேரரசின் நிலத்தை அரபுகளும் பாரசீகர்களும் 'ரூம்' என்றார்கள். ரூமிலிருந்து வந்த மஸ்தகி, ரூமி மஸ்தகி. கியோஸின் பழைய முகவரி, கடைக்காரரின் டப்பா மேல் இன்னும் அழியாமல் ஒட்டியிருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு

ஏதென்ஸிலிருந்து கியோஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமான நிலையத்துக்கு ஹோமரின் பெயர். அவர் தங்கள் ஊர்க்காரர் என்பது கியோஸ்காரர்களின் பழைய வாதம். பிரேயஸ் துறைமுகத்தில் மாலையில் கப்பல் ஏறினால் விடியலில் இறங்கலாம். துருக்கியின் செஷ்மேயிலிருந்தும் படகு உண்டு. தெற்கு ஊர்களுக்குப் பேருந்து குறைவு என்பதால் வாடகைக் கார் நல்லது. மாவ்ரா வோலியாவுக்குச் செருப்பை மறக்கக் கூடாது. பிர்கி போகும் வழியில் ஆர்மோலியா வரும். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். ஒலிம்பிக்கு அருகே ஒரு சுண்ணாம்புக் குகையும் பார்க்கத் திறந்திருக்கிறது. செப்டம்பரில் போனால் வெயிலும் தணிந்திருக்கும், மாஸ்திகா பொறுக்குவதையும் பார்க்கலாம்.

நவம்பரில் கடைசிப் பயணிகளும் போய்விடுவார்கள். எம்போரியோவின் மேஜைகள் உள்ளே அடுக்கப்படும். மாவ்ரா வோலியாவில் தெற்குக் காற்று கற்களை மேட்டுக்கு வாரி எறியும். கேட்க ஆள் இருக்காது.

அந்த மாதங்களில் பிர்கியிலும் மெஸ்டாவிலும் வீட்டுக்குள் விளக்கெரியும். சலித்து, சோப்பு நீரில் அலசி, உலர்த்திய மாஸ்திகா மேஜை மேல் குவிந்திருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாக எடுத்து, சிறு கத்தியின் நுனியால் அதில் ஒட்டிய பட்டைத் துணுக்கையும் மண்ணையும் சுரண்டுவார்கள். இன்று இந்த வீட்டுக் குவியல் என்றால் நாளை அடுத்த வீட்டுக் குவியல். சுத்தமானது ஒரு பக்கம், இன்னொரு முறை பார்க்க வேண்டியது மறு பக்கம். பேச்சு நடுவில் யாரோ ஒருவர் ஒரு மணியை வாயில் போட்டுக்கொள்வார். இரவு நீண்டால், மேஜை நடுவில் அத்திப்பழத் தட்டு வரும். மிச்சக் குவியலை மூடி வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள்.